கண்ணிமை அறுவை: நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை சுகாதார நிலையங்களிலும் கண் முகாம்களிலும் டார்ச் பிடித்துக் காலம் தள்ளிய கண் மருத்துவ உதவியாளன். முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்புரைக்காக வருவார்கள். வரிசை கலைந்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர், "தம்பி, இந்த இமையில ஒண்ணு..." என்று இழுப்பார். இமை என்றால் அழகு சமாச்சாரம், அதைப் போய் டாக்டரிடம் கேட்பதா என்ற கூச்சம். அப்படி வாசற்படியில் நின்று கேட்ட கேள்விகள்தான் இவை.

இமை வெறும் தோல் மூடிதானே, அதில் அறுவை செய்ய என்ன இருக்கிறது?

உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதற்கு அடியில் கண்ணை மூடும் வட்டத் தசை. அதற்கும் உள்ளே விறைப்பான ஒரு தகடு, தகட்டுக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள். போட்டிலிருந்து சிந்திய டீசல் தண்ணீர் மேல் படலமாகப் பரவுமே, அதே மாதிரி இந்த எண்ணெய் கண்ணீரின் மேல் பரவி அதை ஆவியாக விடாமல் காக்கிறது.

மேலிமையைத் தூக்குவதற்கென்று தனியாக ஒரு தசை இருக்கிறது. கண்குழியின் கோடியிலிருந்து புறப்பட்டு, நுனி நாடாவாக மெலிந்து, தகட்டில் ஒட்டியிருக்கும். பாய்மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாய் இறங்கினால் கயிறு நைந்திருக்கலாம், இழுக்கிற ஆள் சோர்ந்திருக்கலாம், அந்த ஆளுக்குச் சொல் வராமல் போயிருக்கலாம். கரையில் நின்று பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இமை விழுந்தால் "எப்போ ஆபரேஷன்" என்று கேட்பதற்கு முன்னால் "எதனால்" என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

வலது இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. வயசானதாலா?

பெரும்பாலும் ஆமாம். வயது ஏற ஏற அந்த நாடா நைந்து, தகட்டிலிருந்து விலகிப்போகும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும், பல வருடம் காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் சீக்கிரமே நைவதுண்டு. இது மெதுவாக வரும், வலிக்காது. புருவத்தை உயர்த்தி உயர்த்தி நெற்றியில் கோடு விழுந்திருக்கும். சாயங்காலம் தலைவலிக்குது என்பார்கள். நாள் முழுக்க நெற்றியால் இமையைத் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் சில இறக்கங்கள் காத்திருக்காது. நேற்று வரை நன்றாக இருந்த இமை இன்று திடீரென்று விழுந்து, கூடவே இரண்டிரண்டாகத் தெரிகிறது, தலை பிளக்கிறது, அந்தக் கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருக்கிறது என்றால், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் கண்டு, இமையையும் கண்ணையும் அசைக்கும் மூன்றாம் நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே, அந்த மணியே ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கும் இதே நரம்பு தளரும். அவர்களுக்குப் பெரும்பாலும் பாப்பா விரியாது, சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் இது அந்த வகைதான் என்று வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு கட்டக் கூடாது.

காலையில் சரியாக இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும் இமை இன்னொரு வகை. நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளாத நோய், மயஸ்தீனியா என்று பெயர். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை தெளிவாக உயரும். மருத்துவர்கள் நிஜமாகவே செய்யும் சோதனை இது. ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது, இருந்தாலும் வீட்டில் செய்து பார்த்து நாமே பெயர் வைக்க வேண்டாம். இதற்கு மாத்திரைதான் முதல் வைத்தியம். காரணம் தெரியாமல் இந்த இமையை வெட்டித் தூக்கினால், நோய் கூடியும் குறைந்தும் வரும்போது இமையும் கூடவே ஆடும்.

பாம்புக் கடிக்கும் இமைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கட்டுவிரியன் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களை ராத்திரியில் கடிக்கும். பல் பட்ட தடமே தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலை வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார்கள், இரண்டு இமையும் திறக்க மறுக்கும். விஷம் ஏறுவதற்கு முதலில் தெரியும் அடையாளம் பெரும்பாலும் அந்த இமைதான். "தூக்கக் கலக்கம்" என்று விட்டுவிட்டால் அடுத்து மூச்சுத் தசை நிற்கும். நல்லபாம்புக் கடியிலும் இமை இப்படியே விழும்.

வலையில் சிக்கும் கடல் பாம்பு கடித்தாலும் இமை விழலாம், உடம்பு முழுக்கத் தசைவலி எடுக்கும், சிறுநீர் கறுக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்குத்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது. ஆகவே கடித்தது கரையிலா கடலிலா என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சரி, நைந்த இமைதான் என்று உறுதியாகிவிட்டது. அறுவையில் என்ன செய்வார்கள்?

பெரியவர்களுக்கு இமையில் மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். முழு மயக்கம் கொடுப்பதில்லை, ஏனென்றால் நடுவில் உங்களிடம் வேலை வாங்க வேண்டியிருக்கிறது. இமை மடிப்பின் கோட்டிலேயே கீறி, விலகிப்போன நாடாவைத் தேடியெடுத்துத் தகட்டோடு சேர்த்துத் தைப்பார்கள். பிறகு "கண்ணைத் திறங்க, மேலே பாருங்க" என்பார்கள், சில இடங்களில் எழுந்து உட்காரவும் சொல்வார்கள். உயரம் பார்த்து முடிச்சைத் தளர்த்தியோ இறுக்கியோ விடுவார்கள். படகில் பாயைச் சரிபார்ப்பது மாதிரிதான்.

அளப்பதெல்லாம் மில்லிமீட்டரில். டார்ச் அடித்தால் கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கும் மேலிமை விளிம்புக்கும் நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் இருப்பது இயல்பு. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் இரண்டு கண்ணும் ஸ்கேல் வைத்தது போல அமைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு மறுபடி ஒரு முறை திருத்த வேண்டிவரும்.

கத்தி இல்லாத வழியும் ஒன்று வந்திருக்கிறது. ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்தை 2020-ல் அமெரிக்காவில் இமை இறக்கத்துக்கு அனுமதித்தார்கள். பெரிய தசைக்குத் துணையாக இமைக்குள் ஒரு சின்னத் தசை உண்டு. மருந்து அதை உசுப்பும். இமை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயரும், சில மணி நேரம் நிற்கும். மூக்கடைப்புக்கு விற்கும் சொட்டிலும் இதே மருந்து இருக்கிறதே என்று அதைக் கண்ணில் விட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

பேத்திக்குப் பிறவியிலேயே ஒரு இமை பாதிதான் திறக்கிறது. பெரிய பிள்ளையான பிறகு பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது அம்மா. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்தியே பதில் சொல்லியிருக்கிறேன்.

குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது முதல் சில வருடங்களில். இமை பாப்பாவை மறைத்திருந்தால் அந்தக் கண்ணிலிருந்து படம் போகாது, மூளை அந்தக் கண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். சோம்பல் கண் என்பார்கள். பிற்பாடு இமையை எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் போன பார்வை முழுசாகத் திரும்பாது. பாப்பா மறைந்திருந்தால் ஒரு வயதுக்குள்ளேயே அறுவைக்கு அவசரப்படுவார்கள். பாப்பா தெரிகிறது, ஆனால் பிள்ளை மோவாயைத் தூக்கித்தான் பார்க்கிறது என்றால், பள்ளியில் சேர்க்கும் வயது வரை அடிக்கடி சோதித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இடையில் கண்ணாடி, நல்ல கண்ணுக்குக் கட்டு என்று வைத்தியம் நடக்கும்.

பிறவி இறக்கத்தில் கயிறு நைவதில்லை, இழுக்கும் தசையே சரியாக உருவாகாமல் நாராக இருக்கும். தசையில் கொஞ்சமாவது பலம் இருந்தால் அதையே சுருக்கித் தைக்கலாம். இல்லாவிட்டால் இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவார்கள். பிள்ளை புருவத்தை உயர்த்தினால் இமை எழும். கட்டுவதற்கு சிலிக்கான் இழை, அல்லது பிள்ளையின் தொடையிலிருந்தே எடுத்த சவ்வு நாடா. தொடையிலிருந்து எடுக்க மூன்று நான்கு வயதாவது ஆக வேண்டும். அறுவைக்குப் பிறகு தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கும். பயப்பட வேண்டாம், ராத்திரி களிம்பு போட மறக்க வேண்டாம்.

"அது ராசியான கண்ணு" என்று ஏர்வாடிப் பக்கம் ஒரு பாட்டி என்னிடம் வாதாடினார். ராசி இருக்கட்டும் பாட்டி, பார்வையும் இருக்கட்டுமே என்றேன்.

இமை முடி உள்ளே குத்துகிறது. மாதம் ஒருமுறை பிடுங்கிவிடுகிறோம், போதாதா?

பிடுங்கிய முடி சில வாரத்தில் குட்டையாக, விறைப்பாக முளைக்கும். முன்னைவிட மோசமாகக் குத்தும். ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறிக்கொண்டிருக்கும். கீறல் வழியே கிருமி நுழைந்தால் புண், புண் ஆறினால் வெள்ளைத் தழும்பு. ஊரில் "பூ விழுந்த கண்" என்பது இதைத்தான்.

ஒன்றிரண்டு முடி என்றால் வேரை மின்சாரத்தால் கருக்கிவிடலாம். இமை விளிம்பே உள்ளே மடங்கியிருந்தால் அதைத் திருப்பித் தைக்க வேண்டும். வயதில் தளர்ந்து மடங்கும் கீழிமைக்கு ஒரு முறை, உள்பக்கம் தழும்பேறி இழுத்த மேலிமைக்கு வேறு முறை.

மேலிமைத் தழும்புக்கு ஒரு காலத்தில் பெரிய காரணம் ட்ரகோமா. ஈயும் அழுக்குத் துணியும் முகம் கழுவத் தண்ணீர் இல்லாததும் பரப்பிய நோய். சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்து, நாற்பது வயதில் இமையை உள்ளே இழுக்கும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா இதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. தென்கிழக்காசிய வட்டாரத்தில் நேபாளத்துக்கும் மியான்மருக்கும் அடுத்து மூன்றாவது நாடு. நல்ல செய்திதான். ஆனால் சிறு வயதில் அந்த நோய் கண்ட பாட்டிகளின் தழும்பு அறிவிப்பைக் கேட்டு மறைந்துவிடாது. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பாருங்கள்.

இது புதுசாகக் கண்டுபிடித்த அறுவையும் இல்லை. சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது: இமைத் தோலில் வாற்கோதுமை வடிவத்தில் ஒரு கீற்றை எடுத்துவிட்டு மயிரால் தைப்பது. தோல் சுருங்கினால் விளிம்பு வெளியே திரும்பும். கணக்கு இன்றைக்கும் அதேதான்.

கண்கட்டிக்கு நாமக்கட்டி போட்டால் போதுமா?

விளிம்பில் சிவந்து வலிக்கும் கட்டி பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடத்திலேயே உடைந்து வடியும். நாமக்கட்டி கண்ணுக்குள் போகாதவரை கெடுதல் இல்லை, ஆறப்போகிற கட்டிக்கு அது பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவே. வலியில்லாமல் பட்டாணி போல உருளும் கட்டி, எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வருவது. ஒத்தடம் கேட்காவிட்டால் உள்பக்கமாகக் கீறிச் சுரண்டிவிடுவார்கள், பத்து நிமிட வேலை.

இனிச் சொல்வதை மறக்காதீர்கள். என் பெரியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், மேலிமையில் இப்படி ஒரு கட்டி. ஓரிடத்தில் சுரண்டினார்கள். ஐந்து மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது, திரும்பச் சுரண்டினார்கள். சுரண்டியதை இரண்டு முறையும் குப்பையில்தான் போட்டார்கள், சோதனைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் முறை மதுரைக்குக் கூட்டிப்போனபோதுதான் அது எண்ணெய்ச் சுரப்பிப் புற்று என்று தெரிந்தது. அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருந்தது. நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறை என்னையும் சேர்த்துத்தான்.

வெள்ளைக்காரர்களின் இமைப் புற்று பெரும்பாலும் வேறு வகை, மெதுவாக அரிப்பது. இந்தியர்களிடம் இந்த எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் பங்கு அதிகம், இது கழுத்து நெறிகளுக்கும் பரவும். நடு வயது தாண்டியவருக்கு ஒரே இடத்தில் திரும்ப வரும் கட்டி, முடி உதிரும் கட்டி, ஒரு கண்ணில் மட்டும் ஓயாத சிவப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் "சதையை பயாப்சிக்கு அனுப்புங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீக்கிரம் பிடித்தால் இமையை வெட்டி, மிச்சமிருக்கும் இமையையோ எதிர் இமையின் உள்தகட்டையோ கடன் வாங்கிப் புது இமை கட்டிவிடலாம். பெரியம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆறு வாரம் அந்தக் கண்ணைத் தைத்து மூடி வைத்திருந்தார்கள்.

கருவிழி மேல் சதை வளர்கிறது. இதுவும் இமை நோயா?

இல்லை, வெண்விழியின் மேல்தோல் கருவிழிக்குள் ஏறுவது. வெயிலும் காற்றும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியும்தான் காரணம். அதனால் கடலுக்குப் போகிறவர்களிடமும் உப்பளத்தில் நிற்கிறவர்களிடமும் சகஜம். சும்மா வெட்டியெடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். வெட்டிய இடத்தில் அதே கண்ணின் மேல்பக்கத் தோலைக் கொஞ்சம் எடுத்து ஒட்டினால் வருவது வெகுவாகக் குறையும். அறுவைக்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விளிம்பு வைத்த தொப்பியும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அறுவையைவிட மலிவு.

தூண்டில் முள் இமையில் மாட்டிவிட்டது. இழுத்து எடுத்துவிடலாமா?

கூடாது. முள்ளில் எதிர்க்கொக்கி இருப்பது மீன் தப்பாமல் இருக்கத்தானே, இமையிலும் அதே வேலையைத்தான் செய்யும். முள்ளோடு கட்டிய தூண்டில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டுங்கள், கிளம்புங்கள். கடல் தண்ணீர், தாய்ப்பால், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வரும் வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், மயக்கம் கொடுக்க வேண்டிவரலாம்.

கிழிந்து தொங்கும் துணுக்கை யாரும் வெட்டி எறிய விடாதீர்கள். இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம், செத்தது போலக் கறுத்த துணுக்கும் தைத்தால் பிழைக்கும். மூக்கோரமாகக் கிழிந்திருந்தால் கண்ணீர்க் குழாயும் அறுந்திருக்கும். மெல்லிய சிலிக்கான் குழாய் வைத்து ஒன்றிரண்டு நாளுக்குள் தைக்க வேண்டும், தவறினால் வாழ்நாள் முழுக்கக் கண்ணீர் வடியும்.

ராத்திரி விளக்கு வைத்து மீன் பிடிக்கிறவர்கள் முரல் மீனைப் பற்றிச் சொல்வது கதையில்லை. வெளிச்சத்தைக் கண்டு துள்ளும் முரல் ஊசி மூக்கால் குத்தி, இமையைத் தாண்டிக் கண்குழிக்குள்ளேயே அலகு முறிந்து தங்கிய நோயாளிகளை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே காயம் ஒரு கீறல்தான் தெரியும். முரல் குத்தியது என்றால் ஸ்கேன் எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.

அழகுக்காக இமை அறுவை செய்துகொள்வது தப்பா?

தப்பென்று சொல்ல நான் யார். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் கீழக்கரைப் பிள்ளைகள், "காக்கா, கண்ணுக்குக் கீழ பை மாதிரி இருக்கு" என்று கேட்கிறார்கள் (அங்கே காக்கா என்றால் அண்ணன்). மேலிமையில் தளர்ந்த தோலையும், கீழே பிதுங்கும் கொழுப்பையும் சரிசெய்யும் அறுவைக்குத்தான் பிளெஃபரோபிளாஸ்டி என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே 1818-ல் வைத்த பெயர், ஆனால் அவர் செய்தது அழகுக்காக இல்லை, நோயில் அழிந்த இமையைத் திரும்பக் கட்டுவதற்காக.

எனக்குத் தெரிந்த இரண்டு சங்கதிகள் சொல்கிறேன். ஒன்று, கண் உலர்ந்து எரிகிறவர்களுக்குத் தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் மூடாமல் போய் எரிச்சல் இரட்டிப்பாகும். இரண்டாவது, அபூர்வம்தான், ஆனால் உண்டு: அறுவை முடிந்து கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கி நரம்பை நசுக்கலாம். தாங்க முடியாத வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் அது நிமிடக் கணக்கு. அதனால் ராமேசுவரத்துக்காரர்களிடம் நான் சொல்வது: மதுரையில் அறுவை என்றால் அன்று ராத்திரி மதுரையிலேயே தங்குங்கள். 170 கிலோமீட்டர் தள்ளி, பாம்பன் பாலம் தாண்டி வந்து படுத்துக்கொண்டால் நடுராத்திரியில் யார் தையலைப் பிரித்துத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவது?

போட்டாக்ஸ் என்ற தசையைத் தளர்த்தும் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். அது கண் மருத்துவர்கள் கொண்டுவந்த மருந்து. மாறுகண்ணுக்கும், இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான் 1989-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. சுருக்கத்துக்குப் போட ஆரம்பித்தது அப்புறம். பியூட்டி பார்லரில் போட்டுக்கொண்டு இமை விழுந்து வந்தால் சில வாரங்களில் தானாகச் சரியாகும், அதுவரை கல்யாண போட்டோவில் ஒரு கண்தான்.

கண் துடிக்கிறதே?

ஆணுக்கு வலதும் பெண்ணுக்கு இடதும் துடித்தால் நல்லது என்பார்கள். தூக்கம் குறைந்தாலும் டீ கூடினாலும் துடிக்கும். இமை முழுசாக இறுகி மூடினாலோ, கன்னமும் சேர்ந்து இழுத்தாலோதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

முகவாதம் வந்து கண் மூடவே மாட்டேன் என்கிறது.

விழுந்த இமையைவிட இது ஆபத்து. மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடுங்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் முகம் திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்கு ஓரத்தில் இமைகளைக் கொஞ்சம் சேர்த்துத் தைப்பார்கள், அல்லது மேலிமைக்குள் சின்னத் தங்க எடை வைப்பார்கள். அதன் கனத்தில் இமை தானாக இறங்கும்.

ஆராய்ச்சி என்று சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள். நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களா?

ஆமாம், செய்கிறார்கள். அதை மறைத்துச் சொன்னால்தான் கோபப்பட வேண்டும். மறைக்காமல் சொல்லிக் கேட்டால் உட்கார்ந்து யோசிக்கலாம்.

பூஞ்சைக் கிருமி பட்ட கருவிழிப் புண் நம் பக்கம் அதிகம். கருவேல முள், பனை ஓலை, நெல் தூசி எது பட்டாலும் வரும். இதற்கு நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தும், வொரிகொனசோல் என்ற புது மருந்தும் இருந்தன. புதியது நன்றாகக் கண்ணுக்குள் ஊடுருவும், ஆகவே அதுதான் உசத்தி என்று பல மருத்துவர்கள் நினைத்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்களும் சேர்ந்து 323 நோயாளிகளைக் குலுக்கல் சீட்டு மாதிரி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது: பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது. புது மருந்து விட்ட கண்களில் ஓட்டை விழுந்தது அதிகம். இதற்கு முந்தைய வருடம் 500 பேரிடம் நடத்திய இன்னொரு சோதனையில், பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்தால் மொத்தத்தில் பார்வை கூடுகிறதா என்று பார்த்தார்கள், கூடவில்லை. உலகம் முழுக்க இந்தப் புண்ணுக்கு எந்தச் சொட்டு என்று இன்று முடிவெடுக்கும்போது, அந்த முடிவுக்குப் பின்னால் நம் பக்கத்துக் கண்கள் இருக்கின்றன.

குலுக்கிப் பிரிப்பது ஏன் என்று கேட்பார்கள். மோசமான நோயாளிக்கெல்லாம் மருத்துவரே ஒரு மருந்தைக் கொடுத்தால், எந்த மருந்து கேட்டது என்று யாருக்கும் தெரியாது. எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் இப்படிச் சோதிக்கலாம் என்பது விதி.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: நான் மறுத்தால் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? நடுவில் விலகலாமா? கெடுதல் வந்தால் செலவு யாருடையது? நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா? புது மருந்துச் சோதனை என்றால் மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். 2009-லிருந்து அது கட்டாயம். தாளைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோயாளியின் கண்ணைப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் கண்ணின் வண்ணப் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இமைக்கும் இன்னும் பதிவுகள் தேவைப்படுகின்றன. நைந்த நாடாவை உள்பக்கமாகப் போய்த் தைப்பதா வெளிப்பக்கமாகப் போய்த் தைப்பதா என்பதில்கூட மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அறுவைக்குப் பிறகு மீன் சாப்பிடலாமா? கடலுக்கு எப்போது போகலாம்?

மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பது எங்கிருந்து வந்ததோ தெரியாது. புண் ஆறப் புரதம் வேண்டும், கையில் மீனை வைத்துக்கொண்டு ரொட்டி தின்பது அநியாயம். சாப்பிடுங்கள்.

கடல் வேறு விஷயம். ஒரு மாதம் தண்ணீரில் முங்க வேண்டாம். பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்கு இது வருமான இழப்பு என்று தெரியும், அதனால் பாசி எடுக்காத நாட்கள் பார்த்து அறுவைக்குத் தேதி கேளுங்கள், அவசரமில்லாத அறுவை என்றால் கொடுப்பார்கள். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை உயர்த்திப் படுப்பது, கனம் தூக்காமல் இருப்பது. தையல் பிரிப்பது ஒரு வாரம் வாக்கில். நீலம் பாய்ந்த வீக்கம் இரண்டு வாரம் இருக்கும், முகம் பார்த்து அழ வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுக்கிறவர்கள் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இமைக்காக உயிரைப் பணயம் வைப்பதாகிவிடும்.

எங்கே போவது, எவ்வளவு செலவு?

முதலில் உங்கள் சுகாதார நிலையத்துக் கண் மருத்துவ உதவியாளரிடம் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. இமை அறுவைக்கென்று தனிப் படிப்புப் படித்தவர்கள் மதுரையில் கிடைப்பார்கள். "ஆக்குலோபிளாஸ்டி டாக்டரைப் பார்க்கணும்" என்று சொல்லிச் சீட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கண்புரை வரிசையில் அரை நாள் போகும். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் கையில் இருக்கட்டும். அழகு அறுவைக்குக் காப்பீடு வராது. பார்வையை மறைக்கும் இமைக்கு வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் தேதி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய போட்டோ கொண்டுவரச் சொன்னார்கள். எதற்கு?

இமை எப்போதிலிருந்து இறங்குகிறது என்று பார்க்கத்தான். நமக்கு ஞாபகம் இருக்காது, போட்டோவுக்கு இருக்கும். கல்யாண ஆல்பம், வாக்காளர் அட்டை, மீனவர் அடையாள அட்டை எது இருந்தாலும் சரி. தேவிபட்டினத்தில் ஒரு தாத்தா போட்டோவே இல்லை என்றார். அவர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவனுக்கும் அதே இமை, அதே பக்கம்.